பன்னிரண்டு போட்ட டப்பா

கீரமங்கலம்
7.7.2024

காவ்யாவுக்கு அப்பத்தா எழுதுவது. நான் இருக்கிறேன். முழங்கால்தான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை, மற்றபடி குறையில்லை. உனக்கு ஓசூர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா, விடுதியில் வாய்க்கு ருசியாகப் போடுகிறார்களா என்று எழுது.

உன் காயிதத்தைத் தபால்காரர் நீட்டியபோது, "வேற அழகம்மாளுக்கா இருக்கும், நல்லாப் பாருங்க" என்றேன். இரண்டு வருடம் வாய் திறக்காத பேத்தி திடீரென்று எழுதினால் வேறென்ன நினைப்பது? செல் கெட்டுவிட்டது, அதனால் தபால் என்று எழுதியிருக்கிறாய். ஓசூரில் செல் கடையே இல்லையா?

நான் எதையும் மறக்கவில்லை. சிவபிரகாஷ் என் மகள் வயிற்றுப் பேரன், உனக்கு முறை மாப்பிள்ளை. பரிசம் போட உன் அத்தை தாம்பாளம் விளக்கி வைத்திருந்தாள். நீ மாம்பழக் கலர் சேலையில் வந்து நின்று, பத்துப் பேர் முன்னால் "எனக்கு வேணாம் அப்பத்தா, என்னைய விட்ருங்க" என்றாய். காபியைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினாய். உன் அப்பனும் குவைத்திலிருந்து உனக்குத்தான் பரிந்து பேசினான். அதை நான் மனதில் வைத்திருக்கிறேன். சாகிறவரை வைத்திருப்பேன்.

ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாய். கும்பாபிஷேகத்தன்று நம் வாசலில், நீ தலையில் மரிக்கொழுந்து வைத்துக்கொண்டு நின்ற போட்டோ யாரிடம் இருக்கிறது என்று. எடுத்தவன் சிவபிரகாஷ். அவன் செல்லில் மட்டும்தான் இருக்கிறது. பிரிண்டு போட்டுக் கொடுடா என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். யாருக்கும் அனுப்பவில்லை, யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன் என்கிறான். அவன் மனது உனக்குத்தான் தெரியவில்லை.

அவன் இப்போது இங்கே நம் வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கல்யாண பேனர் அடிக்கிறான். புதிதாகக் கார்டு வாங்க வேண்டுமாம். நான் ரேசன் கார்டை எடுத்து நீட்டினேன். சிரித்துவிட்டு, "இது படம் காட்டுற கார்டு அம்மாச்சி, கம்ப்யூட்டருக்கு உள்ள மாட்டுறது" என்றான். இரண்டு கார்டு பார்த்து வைத்திருக்கிறான். எது நல்லது என்று அவனுக்கும் அவன் கூட்டாளி சேவுகனுக்கும் தினமும் சண்டை.

உன் காயிதம் வந்ததைக் கிழக்கு வீட்டுக்காரி வேலியோரம் நின்று பார்த்தாள். அவள் பெயரை நான் எழுத மாட்டேன். கஜா புயலில் என் தென்னை அவள் கொல்லையில் விழுந்தது. தேங்காய் அத்தனையும் பொறுக்கிக்கொண்டு, கேட்டதற்கு "காத்துக்கிட்ட போய்க் கேளு" என்றாளே, அவள்தான்.

பதில் போடு. பட்டினி கிடக்காதே.

அப்பத்தா


ஓசூர்
15.7.2024

அப்பத்தாவுக்குக் காவ்யா எழுதுவது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறீர்களா? தரையில் உட்காராதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

நீங்கள் கோபமாக எழுதியதைப் படித்ததும் வீட்டுக்கே வந்தது போல இருந்தது. திட்டுங்கள், பரவாயில்லை.

அந்த இரண்டு கார்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என்னோடு வேலை செய்யும் அருணாவுக்கு இதெல்லாம் அத்துபடி. ஆபீசுக்கும் அப்படி ஒன்று வாங்கப் போகிறார்கள். அதனால் கேட்கிறேன். சிவபிரகாஷ் எதற்காக வாங்குகிறான்? விளையாடவா, பேனர் வேலைக்கா, வேறு எதற்குமா? ஒன்றைவிட ஒன்று எதில் மேல் என்று அவர்கள் பேசிக்கொள்வது உங்கள் காதில் விழுந்தால் அப்படியே எழுதுங்கள். உங்கள் ஞாபகத்தில் விழுந்தது தப்பாது என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். சும்மாதான் சொல்கிறேன்.

இரவில் கதவைத் தாழ் போட்டுப் படுங்கள்.

காவ்யா


கீரமங்கலம்
28.7.2024

காவ்யாவுக்கு அப்பத்தா எழுதுவது. தைலம் தேய்த்தேன், பிசுபிசுப்புதான் மிச்சம். உன் காயிதம் சுகமாக வந்து சேர்ந்தது.

கார்டைப் பற்றி நீ இத்தனை கேட்பதைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது. கார்டைக் கேட்கிறாயா, கார்டு வாங்குகிறவனைக் கேட்கிறாயா? நானும் ஒரு காலத்தில் உன் தாத்தாவைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர் வீட்டு மாடு எத்தனை படி கறக்கிறது என்று ஆள்விட்டு விசாரித்தவள்தான்.

சொல்கிறேன், கேள். சேவுகனுக்கு அறந்தாங்கியில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு கார்டையும் பைக்கில் கொண்டுவந்துவிட்டான். ஒன்று புதிது, சின்ன டப்பா, அதில் 6 என்று போட்டிருந்தது. இன்னொன்று யாரோ வைத்திருந்து விற்றது. டப்பா மூலை நசுங்கியிருந்தது, அதில் 12. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லையாம். ஒவ்வொன்றாக மாட்டி, கார் ஓட்டுகிற விளையாட்டை ஓட விட்டார்கள். திரை மூலையில் ஒரு எண் ஓடியது. அது எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வழுக்கிக்கொண்டு ஓடுமாம். சின்னதற்கு அறுபதில் நின்றது, மற்றதற்கு எழுபதைத் தொட்டது. என் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஓட்டம்தான்.

சேவுகன் சொன்னான், "வெளையாட்டுக்குன்னா புதுசே போதும்டா. வாரண்டி இருக்கு, கரண்டு கம்மியா இழுக்கும், சூடும் ஏறாது. அடுத்தவன் போட்டு வறுத்ததை ஏன்டா தலையில கட்டிக்கிறே?"

"மெமரி பத்தாதுடா."

"எதுக்குப் பத்தாது? ஒன் பேனருக்கு ஆறே அதிகம். மாப்பிள்ளை பல்லைத்தானே வெள்ளையாக்கப் போறே?"

"அது ஒனக்கு எதுக்கு? இங்கிட்டு வா, காட்டுறேன்."

பிறகு அவன் செய்ததைக் கேள். சுவரில் மாட்டியிருக்கும் உன் தாத்தா படத்தைச் செல்லில் எடுத்து உள்ளே ஏற்றினான். சின்னக் கார்டில், மெமரி போதவில்லை என்று எழுத்து வந்து நின்றுவிட்டது. பன்னிரண்டை மாட்டினான். மின்விசிறி இரைந்தது, அறை சூடானது. கொஞ்ச நேரத்தில் உன் தாத்தா கண்ணைச் சிமிட்டினார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த மனுசன் உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. கழுத்து மட்டும் அவருடையது இல்லை. யாருடைய கழுத்திலோ அவர் முகம். "அணைச்சிருடா" என்றேன். "பயப்படாதீங்க அம்மாச்சி, யார் மொகத்தைக் கொடுத்தாலும் நம்ம சொல்றபடி ஆடும்" என்றான். சேவுகன்கூடக் காபியை வைத்தது வைத்தபடி கிளம்பிவிட்டான்.

எது வாங்கப் போகிறான் என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன். நீயும் மனதில் இருப்பதை நேராகவே எழுதலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பத்தா


ஓசூர்
3.8.2024

அப்பத்தாவுக்குக் காவ்யா. சுகமா? நான் சுகம்.

அவன் எந்த டப்பாவை வாங்கினான், ஆறா பன்னிரண்டா? அதை மட்டும் எழுதுங்கள். வாங்கியது எந்தத் தேதி என்பதும் வேண்டும்.

ஆறு என்று நீங்கள் எழுதினால் உங்கள் வாய்க்குச் சர்க்கரை போடுவேன்.

நான் கேட்டது அவனுக்குத் தெரியவே கூடாது. அத்தைக்கும் தெரியக்கூடாது. நீங்கள் நினைப்பது போல இல்லை அப்பத்தா. இப்போது இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

காவ்யா


கீரமங்கலம்
20.8.2024

காவ்யாவுக்கு அப்பத்தா எழுதுவது. ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டது, நல்ல மாதம். நீ மட்டும் ஏன் இரண்டு வரியில் காயிதத்தை முடிக்கிறாய்? காய்ச்சலா?

பன்னிரண்டு. ஆடிப்பெருக்கன்று, விளக்கு வைக்கிற நேரத்தில் சேவுகன் கடையிலிருந்து எடுத்து வந்தான். மூலை நசுங்கிய அதே டப்பா. எங்கள் வழக்கப்படி டப்பாவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் உள்ளே எடுத்துப் போகச் சொன்னேன். அதிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை. உள்ளே அந்த மின்விசிறி ஓயாமல் இரைகிறது.

தெரியக்கூடாது என்றாய். பெண்பிள்ளை அப்படித்தான் எழுதும். உன் தாத்தாவைக் கட்டும் முன்னால் நானும் நூறு தடவை "எங்க ஆத்தாகிட்டச் சொல்லிராதீங்கடி" என்று சொன்னவள்தான், சொல்ல வேண்டும் என்பதற்காகவே. அதனால் நானே அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "காவ்யா ஒன்னையப் பத்தி விசாரிச்சுக்கிட்டே இருக்குடா. நீ என்ன கார்டு வாங்கினேன்னுகூடக் கேக்குது" என்றேன். முதலில் அவன் முகம் வெளுத்தது. "கார்டைப் பத்தியா? என்ன கேட்டுச்சு? எப்ப கேட்டுச்சு?" என்று ஒன்றுக்கு மூன்று தடவை கேட்டான். அப்புறம் சிரித்தான். உன் காயிதங்களைக் கேட்டான். அடுப்பில் போட்டுவிட்டேன் என்றேன். நீ சொன்னதை அந்த மட்டில் கேட்டிருக்கிறேன்.

உறைக்குப் பின்னால் நீ எழுதும் விடுதி விலாசம் எனக்கு மனப்பாடம். அவனுக்குச் சொன்னேன், எழுதிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறான். அச்சு முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்புகிறேன். அவன் வருவது உனக்குத் தெரிய வேண்டாம், திடீரென்று போய் நிற்கிறேன் என்றான். எனக்குத்தான் பொறுக்கவில்லை, எழுதிவிட்டேன்.

முகம் கொடுத்துப் பேசு. பழைய கோபத்தை நானும் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

அப்பத்தா


ஓசூர்
26.8.2024

அப்பத்தாவுக்குக் காவ்யா எழுதுவது. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

ஆனி மாதம் ஊர் பேர் தெரியாத நம்பரிலிருந்து என் செல்லுக்குப் படங்கள் வந்தன. முகம் என்னுடையது. உடம்பு நான் இல்லை. எப்படிப்பட்ட படங்கள் என்று உங்களுக்கு எழுத எனக்குக் கை கூசுகிறது. ஒவ்வொரு படத்திலும் தலையில் மரிக்கொழுந்து இருந்தது. கும்பாபிஷேகத்தன்று நம் வாசலில் எடுத்த முகம் அது. அதனால்தான் அந்த போட்டோ யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். செல்லில் பேசினால் அவன் காதுக்குப் போகும் என்றுதான் தபாலில் எழுதினேன். உங்கள் செல்லை அவன்தானே பார்த்துக்கொள்கிறான்.

போலீசில் சொல்லிவிட்டேன். யார் மேல் சந்தேகம் என்று கேட்டார்கள். நான் பெயர் சொல்லவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டால் உங்களுக்கு மகளும் இல்லை, அப்பாவுக்குத் தங்கையும் இல்லை என்று ஆகிவிடும். அசைகிற படம் வீட்டில் வைத்துச் செய்ய மெமரி அதிகமுள்ள கார்டு வேண்டும், விளையாட்டுக்கு மட்டும் என்றால் சின்னதே போதும் என்று அருணா சொன்னாள். அவன் ஆறை வாங்க வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

ஆடிப்பெருக்குக்கு மறுவாரம், முதல் தடவையாக அசைகிற படம் வந்தது. என் மேனேஜருக்கும் போயிருக்கிறது. அதில் நான் பேசுகிறேன் அப்பத்தா. என் குரல்தான். "மச்சான், வந்துட்டேன்" என்கிறேன்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். விடுதி வார்டன் அன்புமொழி அக்கா, நான் வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொல்லிவிட்டார். அவன் நம்பவில்லை. எதிர் டீக்கடையில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தான். நான் மாடி ஜன்னலில் மூச்சுவிடாமல் நின்றேன். போகும்போது முறுக்கு டப்பாவை வாசலில் வைத்துவிட்டு, நேராக என் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினான்.

நான் இங்கிருந்து போகிறேன். எங்கே என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள், நான் எழுதினாலும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் எனக்குச் சாட்சி வேண்டும். நான் சொல்வதை நம்புகிறீர்களா என்று மட்டும் உடனே எழுதுங்கள், அருணாவின் ஆபீஸ் முகவரிக்கு.

காவ்யா


கீரமங்கலம்
12.9.2024

அன்புள்ள பேத்தி காவ்யாவுக்கு அப்பத்தா எழுதிக்கொண்டது. நலம். நலமறிய ஆவல்.

உன் கடிதம் கிடைத்து மிகவும் வருத்தப்பட்டேன். நீ எதையோ தவறாகப் புரிந்துகொண்டாய். சிவபிரகாஷ் தங்கமான பையன். இந்த வயதில் எனக்குச் சண்டை சச்சரவு வேண்டாம். பழசையெல்லாம் நான் மறந்துவிட்டேன், நீயும் மறந்துவிடு. போலீஸ் அது இது என்று போனால் குடும்ப மானம் போகும், நான் உயிரோடு இருக்க மாட்டேன்.

செபமாலை அக்காவும் உன்னை மிகவும் கேட்டார்கள்.

உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. நீ இப்போது எங்கே தங்கியிருக்கிறாய்? புது முகவரியை உடனே எழுது. நான் மட்டும் தனியாக வருகிறேன்.

இப்படிக்கு
அன்பு அப்பத்தா


30.9.2024

செபமாலை அத்தைக்கு, அடுத்த வீட்டுக் காவ்யா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் உங்கள் மகன் ஆரோக்கியதாஸ் அண்ணனும் சுகம்தானே? உங்களுக்கும் அப்பத்தாவுக்கும் பேச்சு இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களுக்கு அனுப்புகிறேன். சிவபிரகாஷ் கால் வைக்காத வீடு அந்தத் தெருவில் உங்களுடையது ஒன்றுதான். உள்ளே இருப்பதை அப்பத்தா கையில் மட்டும் கொடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அப்பத்தாவுக்கு. நீங்கள் நலமா என்று நிஜமாகவே கேட்கிறேன்.

உங்கள் பெயரில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுத்து உங்களுடையது போலவே குண்டு குண்டாக இருந்தது. முதலில் நம்பிவிட்டேன். நீங்கள் என்னைக் கைவிட்டதாக நினைத்து ஒரு நாள் முழுவதும் அழுதேன். மறுபடி படித்தபோது, பழசையெல்லாம் மறந்துவிட்டேன் என்ற வரியில் நின்றேன். என் அப்பத்தாவா மறப்பாள்? அடுத்த வரியில் செபமாலை அக்கா என்று பெயர் எழுதியிருந்தது. கிழக்கு வீட்டுக்காரி பெயரை எழுத மாட்டேன் என்றவர் நீங்கள். அதை எழுதியவன் என்னுடைய 26-ஆம் தேதிக் கடிதத்தைப் படித்திருக்கிறான். நீங்கள் அதைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

அதில் எழுதியதை மறுபடி எழுதி இதோடு வைத்திருக்கிறேன். படியுங்கள். படித்த பிறகு அவனை அதே முகத்தோடு பாருங்கள், அப்பத்தா. உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தோன்றக் கூடாது. உங்களை நினைத்துத்தான் இப்போது எனக்குப் பயம்.

காவ்யா


கீரமங்கலம்
19.10.2024

காவ்யாவுக்கு அப்பத்தா எழுதுவது. இதை நானே எழுதுகிறேன், கிழக்கு வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து. ஆரோக்கியதாஸ் ஆலங்குடிக்கே போய்த் தபாலில் போடுவான்.

அவள் வேலியோரம் வந்து "ஏ அழகம்மா" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆறு வருடத்துக் கோபம், ஒரு கூப்பாட்டில் திரும்பிவிடுமா? "ஒன் கோவத்தை அங்கிட்டு ஓரமா வச்சுட்டு வா. எம் பேருல ஒம் பேத்தி காயிதம் வந்திருக்கு" என்றாள். அவள் வீட்டுக்குள் போய்ப் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமானது. அவள் இரண்டு முறை சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். முழுவதும் படித்ததும், காயிதத்தை மடித்து அவளிடமே வைக்கக் கொடுத்தேன்.

நான் உனக்கு அதற்குள் இரண்டு காயிதம் எழுதி, பெட்டியில் போடச் சொல்லி அவன் கையில்தான் கொடுத்தேன். தபால்காரரையும் அவனே பார்த்துக்கொண்டான். பதில் இல்லை என்றதும் உன் மேல் இன்னொரு கோபத்தைச் சேர்த்து வைத்திருந்தேன். இப்போது அதை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பினேன். வாசலிலேயே நின்றான். "எங்கிட்டு போயிட்டு வாறீங்க அம்மாச்சி?"

"கோழி வேலி தாண்டிப் போச்சுடா."

"அந்த வீட்டுக்கா போனீங்க?"

"கோழிக்குப் பகை தெரியுமா?"

சிரித்தான். அதே சிரிப்பு, தூக்கி வளர்த்தபோது பார்த்த சிரிப்பு. அவனுக்கு நான்தான் சோறு போட்டேன். எப்போதும் போல மறுசோறும் வைத்தேன். படுத்த பிறகு சாத்திய கதவுக்குள் அந்த மின்விசிறி இரைந்தது. அது இரைகிறவரை உன் முகத்தை எங்கேயோ ஆட்டி வைக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, அசையாமல் கிடந்தேன்.

விடிந்ததும் கண் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு ஆரோக்கியதாஸ் ஆட்டோவில் ஏறினேன். கிழக்கு வீட்டுக்காரியும் ஏறிக்கொண்டாள். புதுக்கோட்டையில் சைபர் போலீசில், காக்கி உடுப்பில் ஒரு பெண்பிள்ளை உட்காரவைத்துக் கேட்டது. எல்லாம் சொன்னேன். சின்ன டப்பாவில் ஆறு, நசுங்கிய டப்பாவில் பன்னிரண்டு, எதில் உன் தாத்தா சிமிட்டினார், எதில் சிமிட்டவில்லை, அன்று அவன் என்ன சட்டை போட்டிருந்தான், சேவுகன் என்ன சொன்னான் என்று எல்லாம். "பேரனுக்கு எதிராப் பேசுறோம்னு தெரியுதாம்மா?" என்று கேட்டது. "தெரியுது, எழுதிக்கங்க" என்றேன். சேவுகனையும் கூப்பிட்டார்கள். அவனும் மறைக்கவில்லை. ஓசூரில் நீ கொடுத்த புகாரோடு இதையும் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் வந்து கம்ப்யூட்டரையும் அவன் செல்லையும் எடுத்துப் போய்விட்டார்கள்.

உன் அத்தை மண்ணை வாரித் தூற்றினாள். "பெத்த மகளைவிட ஓடிப்போன பேத்தி பெருசாப் போச்சா" என்றாள். இனி அவள் சொன்னது எனக்கும் மறக்காது, நான் செய்தது அவளுக்கும் மறக்காது. நான் இப்போது இந்தக் கிழக்கு வீட்டில்தான் இருக்கிறேன். தென்னைப் பேச்சை இவளும் விடவில்லை, நானும் விடவில்லை. தினமும் ஒரு தடவை வந்துவிடுகிறது.

அவனை விசாரித்துவிட்டு இப்போதைக்கு விட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்து முடித்ததும் மறுபடி கூப்பிடுவார்களாம். நேற்று வேலியோரம் வந்து நின்றான். கத்தவில்லை, அழவும் இல்லை. "அம்மாச்சி, காவ்யா எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. மன்னிப்புக் கேக்கணும். வேற ஒண்ணுமில்லை" என்றான். இவள் அரிவாள்மணையோடு வந்து நின்றாள். அவன் அதைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லாமல் இருக்கிறேனா, தெரியாமல் இருக்கிறேனா என்று முகத்தில் தேடினான். தெரியவில்லை என்று கண்டுகொண்டதும் போய்விட்டான். தெரிந்திருந்தால் நான் வாயைத் திறக்காவிட்டாலும் படித்துக்கொண்டு போயிருப்பான்.

இந்தக் காயிதம் அருணா வழியாக உன் கைக்கு வரும். பதில் போடும்போது உறைக்குப் பின்னால் ஒன்றும் எழுதாதே. அங்கே பேசுகிற பாஷை என்ன, மழை பெய்கிறதா, பஸ்ஸா ரயிலா என்றுகூட எழுதிவிடாதே. ஒரு சொல் காதில் விழுந்தால் எனக்கு மறக்காது.

நன்றாக இருக்கிறாயா என்று மட்டும் எழுது. எங்கே என்று எழுதாதே.

அப்பத்தா